மழையில் நின்ற கறுப்பு வண்டி

மழைக்கு மறுநாள் காலை வண்டி நகர மாட்டேன் என்கிறது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள். வண்டி எங்கே நின்றிருந்தது, எவ்வளவு நேரம் நின்றிருந்தது, நிறுத்தியவர் எப்படி நிறுத்தினார் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்கவில்லை. அதனால்தான் ஒரு மாலை, ஒரு சவப்பெட்டிக்கு நேர் கீழே, சேற்றில் மல்லாந்து கிடந்தேன்.

பிரேக் வேலையைப் பற்றி நம் மெக்கானிக் சங்கத்துக்காக எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்கள். டிரம்மை எப்படிக் கழற்றுவது, லைனிங்கை எப்படி மாற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஐம்பதுகளில் எங்கள் ஷெட் பழைய மெட்ராஸ் ரோட்டில், அல்சூர் ஏரிக்குப் போகிற பக்கமாக இருந்தது. தகரக் கூரை, மூன்று கார் நிற்கும். வீடு ஜோகுபாளையத்தில், நடந்தே வந்துவிடுவேன். மழைக்காலத்தில் அந்த ஊர் முழுக்கப் பாதித் தூக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். பட்டப்பகலில் தூங்குமூஞ்சி மரங்கள் இலையை மடக்கிக்கொள்ளும். குதிரை வண்டியின் சத்தம்கூட எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல மெத்தென்று கேட்கும். காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டே கண் அசந்துபோய், ஸ்பேனர் நெஞ்சில் விழுந்து விழித்த நாட்கள் உண்டு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என் காதின் மேலும் மூக்கின் மேலும் அபார நம்பிக்கை. வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். அதுதான் ஆபத்து.

சூசை என்பவர் ஓட்டிய சவ வண்டி எங்கள் ஷெட்டுக்குத்தான் வரும். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி அது. பின்பக்கம் மரத்தில் கூடு கட்டி, கறுப்பு வண்ணம் அடித்து, கண்ணாடிக்கு உள்ளே ஊதாத் திரை போட்டிருந்தார்கள். சூசைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பட்டனைக் கழற்ற மாட்டார். வண்டியைத் தினம் துடைப்பார்.

அந்த வருஷம் மழை தொடங்கியதும் அவர் வந்தார்.

"மணி, மழை வந்தா வண்டி புடிச்சிக்குது. பின் சக்கரம் ரெண்டும் அசையல. முன்ன பின்ன நாலு தடவ ஆட்டினாதான் வுடுது."

வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். சுலபமாக உருண்டது. பின் சக்கரங்களின் பிரேக் டிரம் மட்டும் லேசாகச் சுட்டது. காய்ந்த வாடை வந்தது. எனக்கு அது போதும். ஈரத்தில் பிரேக் ஷூவின் மேல் இருக்கும் லைனிங் உப்பி டிரம்மோடு ஒட்டிக்கொள்கிறது என்று தீர்மானித்து, துருவைத் தேய்த்துவிட்டு, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் அந்த ஷூவைக் கொஞ்சம் தளர்த்தி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். மூன்றாம் தடவை வந்தபோது எனக்கு எரிச்சல். நாலு சக்கரத்தையும் தளர்த்தினேன்.

வண்டியை வெளியே எடுக்கும்போது அவர் தயங்கினார். "பெடல் ரொம்ப கீழ போவுதேப்பா."

"புடிக்கக் கூடாதுன்னா கொஞ்சம் கீழதாண்ணா போவும்" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது. ஒருவர் தினமும் தன் காலால் உணர்வதை, ஒரு நாளில் ஒரு மணி நேரம் பார்த்தவன் மறுத்துப் பேசினேன்.

பிறகு மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு, தலையில் துண்டு போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து ஷெட் வாசலில் இறங்கினார்.

"சூசை கூப்டறாரு. மர்பி டவுன்ல வண்டி நின்னுபோச்சி. உள்ள பெட்டி ஏத்தியாச்சி. ஜல்தி வாங்க."

சாமான் பையோடு அவர் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் மழைத்தூறல் புகைபோல நின்றது. வாசல்களில் நின்றவர்கள் நாங்கள் போவதைப் பார்த்தார்கள். எங்கே போகிறோம் என்று அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது.

அது ஒரு சரிவான சந்து. மேல் முனையில் ஒரு ஓட்டு வீட்டின் முன் கறுப்பு வண்டி, முகம் கீழே பார்த்தபடி நின்றது. சக்கரங்களுக்கு முன்னால் கருங்கல் வைத்திருந்தார்கள். ஐம்பது பேர் இருப்பார்கள், குடையோடும் குடை இல்லாமலும். சூசை என்னைத் தனியாக இழுத்து விவரம் சொன்னார்.

இறந்தவர் சவரியம்மா. பங்களாக்களில் சமையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். மகள் லூர்து மேரி கூடவே இருந்தாள். மகன் அந்தோணி தங்கவயலில் சுரங்க வேலை. முந்தின நாளே தந்தி கொடுத்தார்கள். பதில் இல்லை, ஆளும் வரவில்லை. மூன்று மணி அடக்கத்தை மூன்றரை வரை தள்ளிப் பார்த்தார்கள். இருட்டினால் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் நிறைந்த குழியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, பாதிரியாருக்கு உதவியாக இருக்கும் கோவில் உபதேசியார் பெட்டியை மூடச் சொல்லிவிட்டார். பெட்டி ஏறியது. சூசை ஹேண்ட்பிரேக்கை விட்டார். வண்டி நகரவில்லை. பத்துப் பேர் தள்ளியும் நகரவில்லை.

"இது இறக்கம், மணி. இறக்கத்துலகூட நகரலன்னா பாரு."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் சத்தமாகவே சொன்னாள்: "அவங்களுக்குப் போவ மனசில்ல. புள்ளைக்காகக் காத்துக்கினு கீறாங்க."

கூட்டத்தில் அழுகை கிளம்பியது. யாரும் மறுக்கவில்லை. உபதேசியார்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அந்த நேரத்தில் பெரிய நிம்மதி. அத்தனை பேரும் ஒரு காரணத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதில் என் பெயர் இல்லை.

கோணியை விரித்து அடியில் நுழைந்தேன்.

வண்டிக்கு அடியில் அது வேறு உலகம். மேலே இருந்த இரைச்சல் நின்றுபோனது. கால்கள் மட்டும் தெரிந்தன. வெறுங்கால்கள், ரப்பர் செருப்பு, சேறு அப்பிய புடவைக் கரை. மழைத்தண்ணீர் என் முதுகுக்கு அடியில் புகுந்து, காதுப்பக்கம் சலசலத்துச் சரிவில் இறங்கிப் போனது. என் முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பலகை. பலகைக்கு மேல் பெட்டி. பெட்டிக்குள் அந்த அம்மா. இரண்டு பேரும் ஒரே மாதிரி மல்லாந்து படுத்திருந்தோம். எனக்குப் பயமாக இல்லை. மாலை நேரத்தில் யாரோ ஒருவர் வீட்டில் படுத்திருப்பதுபோல இருந்தது. 'கொஞ்சம் பொறுங்கம்மா' என்று வாய்க்குள் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

பழக்கத்தில் கை நேராக டிரம்முக்குப் போனது. பிறகு நின்றது. மூன்று தடவை அங்கேதான் பார்த்தேன். மூன்று தடவையும் வண்டி ஓடிவந்து, சூடேறி, காய்ந்த பிறகுதான் பார்த்தேன். கோளாறு உயிரோடு இருக்கும்போது அதன் பக்கத்தில் இருப்பது இதுதான் முதல் தடவை. ஆகவே டிரம்மை விட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக் லீவரிலிருந்து பின்பக்கம் வருகிற கேபிளைக் கையால் தடவிக்கொண்டே வந்தேன்.

கேபிள் ஓர் இரும்பு உறைக்குள் போகிறது. உறையின் வாய் முன் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருந்தது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரெல்லாம் அதற்குள் போய், தாழ்ந்த வளைவில் தேங்கி, உள்ளே துருவாக இறுகியிருந்தது. லீவரை இழுத்தால் கேபிள் போகும். மனிதக் கைக்கு அந்த வலு உண்டு. விட்டால், பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குக்கு அதைத் திரும்ப இழுக்கத் தெம்பில்லை. காய்ந்த நாளில் எப்படியோ இழுத்துவிடும். ஈர நாளில் முடியாது.

இதில் என் பங்கு என்ன என்பதும் அங்கேயே தெரிந்துபோனது. நான் ஷூவைத் தளர்த்தத் தளர்த்த, வண்டியை நிறுத்த சூசை லீவரை இன்னும் அதிகமாக இழுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் கேபிள் துருவுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய் மாட்டியது. நோயை நான் குணப்படுத்தவில்லை, வளர்த்திருக்கிறேன்.

கேபிளைப் பின்பக்கம் இணைக்கும் இரும்பு முளையைத் தட்டிக் கழற்றினேன். டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் விட்டது. வண்டி ஒரு விரல்கடை நகர்ந்து கல்லில் முட்டி நின்றது.

வெளியே ஒரே குரலாகச் சத்தம் எழுந்தது. "நகந்திடுச்சி! அம்மா மனசு வெச்சிட்டாங்க!"

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. வண்டி அசைந்ததும் மேலே சூசை பிரேக் பெடலை மிதித்திருக்கிறார். பெடல் தரைப் பலகையில் போய் 'தொம்' என்று மோதியது. மறுபடி மிதித்தார். மறுபடியும் தொம். மூன்றாம் மிதிக்குத்தான் பிடித்தது.

வெளியே வந்து நிமிர்ந்தேன். உபதேசியார் கையைக் கூப்பிவிட்டு, "பொறப்படலாம், பொறப்படலாம்" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். சூசை தலையை வெளியே நீட்டி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"வுடு மணி. நான் மெதுவா ஓட்டிக்கினு போயிடறேன். நாளைக்கு ஷெட்டுக்குக் கொண்டாரேன்."

"மூணு மிதி மிதிச்சீங்களேண்ணா."

சந்து முழுக்க இறக்கம். கீழே பெரிய ரோடு, பஸ் போகிற ரோடு. ஹேண்ட்பிரேக்கை நான் இப்போது கழற்றிவிட்டேன். பெடல் மூன்றாம் மிதிக்குத்தான் பிடிக்கும்.

உபதேசியார் பக்கத்தில் வந்தார். "இன்னா மேஸ்திரி, இன்னும் இன்னா?"

"ஐயா, வண்டி இப்படியே எறங்கக் கூடாது. பிரேக் பத்தாது. அரை மணி நேரம் குடுங்க."

"அரை மணியா? இந்த மழையில ஆறு மணிக்கே அங்க இருட்டிடும். இப்பதான நல்லா நகந்துச்சி? அந்த அம்மாவே வழி வுட்டாச்சி, நீ இன்னாப்பா நடுவுல?"

அப்போதுதான் அதைச் சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழி இருக்கவில்லை. "அம்மா வண்டிய நிறுத்தலீங்க. நான்தான் நிறுத்தினேன். மூணு தடவ இந்த வண்டியத் தப்பா வேல செஞ்சி அனுப்பியிருக்கேன். நாலு பிரேக்கையும் லூஸ் பண்ணி வெச்சதும் நான்தான். சூசையண்ணா மேல ஒரு தப்பும் இல்ல."

ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். சாவு வீட்டில் விளையாடுகிறாயா என்று இன்னொருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். தோளில் தூக்கிப் போய்விடலாம் என்று நாலு பேர் முன்வந்தார்கள். அத்தனை தூரம், அந்த மழையில், அந்தச் சேற்றில் முடியாது என்று அவர்களே பிறகு பேசிக்கொண்டார்கள். உபதேசியார் என் முகத்தையே பார்த்தார். கடைசியில், "செய்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

ஒவ்வொரு சக்கரமாகத் தூக்க வேண்டும். பெட்டி சாயாமல் தூக்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னால் கல்லை இறுக்கி, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பின்னால் இரண்டு ஆண்கள் ஏறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆளாக லூர்து மேரியும் ஏறினாள். இருபது வயதிருக்கும், அழுது முடித்த முகம். நான் பின் சக்கரத்தடியில் குந்தியிருந்தபோது அவள் கதவோரம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அவசரப்படாதீங்கண்ணா. சரியாவே பாத்து செய்ங்க."

அவ்வளவுதான். அவள் சந்தின் கீழ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழர்களே, இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நாலு சக்கரத்துக்கும் அரை மணி ஆகும் என்பது சத்தியம். ஆனால் ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்து, நிறுத்தி, மறுபடி சுற்றிப் பார்த்தேனே, அது முழுக்க பிரேக்குக்காகவா? அந்தப் பெண்ணின் கண் போன பக்கம் என் காதும் போகவில்லையா? எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த வேலையில் நான் தேவைக்கு ஒரு நிமிஷம் குறைவாகச் செய்திருந்தால் என்னையே மன்னித்திருக்க மாட்டேன்.

மழை லேசாகியது. கூரைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. யாரோ மெதுவாக ஜெபம் தொடங்க, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சக்கரம் என் கையில் சுழன்றது. அந்த முணுமுணுப்பும் சக்கரத்தின் உரசலும் ஒன்றாகி, சற்று நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

நாலாவது சக்கரம் முடிந்தது. சூசை மிதித்தார். ஒரே மிதியில் பெடல் நின்றது. கீழே சந்தில் இன்னும் யாரும் வரவில்லை. இனி காரணம் சொல்ல ஒன்றுமில்லை.

"ஆச்சுங்க" என்றேன். லூர்து மேரி என்னைப் பார்க்காமல் இறங்கி, முன்னால் சூசையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஹேண்ட்பிரேக் இல்லாத வண்டி. வழியில் நிறுத்தினால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அதனால் ஒரு மரக்கட்டையோடு பக்கப் படியில் ஏறி நின்றுகொண்டேன். கூட்டம் பின்னால் நடந்தது. வண்டி ஊர்ந்தது. பாதி இறக்கத்தில், எதிரே ஓர் ஆள் ஏறி வந்துகொண்டிருந்தார். தலையில் கோணியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. சவ வண்டியைக் கண்டதும் சுவரோரம் ஒதுங்கினார். கோணியை எடுத்துக் கையில் பிடித்தார். தலை குனிந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முன்பின் தெரியாத ஒருவருக்கு வழியில் செய்கிற மரியாதை.

"அண்ணா!" என்று உள்ளேயிருந்து லூர்து மேரி கத்தினாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். "இன்னாம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்துகொண்டிருந்தாள். "அண்ணா! அந்தோணி அண்ணா!"

சூசை மிதித்தார். வண்டி அந்த ஈர இறக்கத்தில், இடமும் இழுக்காமல் வலமும் இழுக்காமல், மிதித்த இடத்திலேயே நின்றது. நான் குதித்துக் கட்டையை வைத்தேன்.

அந்தோணி தலை குனிந்தபடியேதான் நின்றார். பிறகு நிமிர்ந்தார். தங்கை கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்த வண்டியைப் பார்த்தார். கறுப்புப் பலகை, ஊதாத் திரை. அவர் கையிலிருந்த கோணி நழுவித் தண்ணீரோடு இறங்கிப் போனது.

பின்னாலிருந்து உபதேசியார் வேகமாக வந்தார். நேரமாகிறது என்று சொல்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் தன் குடையை அந்தோணியின் தலைக்கு மேல் பிடித்தார். "பெட்டியத் திறங்க" என்றார். நாலைந்து குடைகள் கூடிக் கூரை ஆயின. ஸ்க்ரூடிரைவர் என்னிடம்தான் இருந்தது. மூடியின் ஆறு திருகையும் நானே கழற்றினேன். கழற்றிவிட்டு விலகிப்போய், சக்கரத்தின் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கட்டையின் மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். பின்னால் கேட்ட அழுகையை எழுத எனக்கு வராது.

அடக்கம் விளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை என்று சூசை பிறகு சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அந்தோணி ஷெட்டுக்கு வந்தார். கழற்றிய கேபிளும் உறையும் மேசை மேல் கிடந்தன. உறையை நெடுக அறுத்து வைத்திருந்தேன். அவர் கேட்காமலே கேபிளை எடுத்து, விரல்களுக்கு நடுவில் மெதுவாக ஓடவிட்டார். துரு பிடித்த இடத்தில் விரல் நின்றது.

"எங்க சுரங்கத்துல ஆளுங்க எறங்கற கூண்டோட கயிறு இதே மாதிரிதான், இரும்பு. காலையில ஷிப்டுக்கு முன்னாடி ஒருத்தர் துணிய வெச்சி அத முழுக்கத் தடவிப் பாப்பாரு. ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில மாட்டும். கண்ணுல பாத்தா தெரியாது. ஈரம் சொட்டற எடத்துலதான் ரொம்ப நேரம் நிப்பாரு." கேபிளை மேசையில் வைத்தார். "நீங்க மூணு தடவ பாத்தீங்களாமே. ஒரு தடவகூட மழையில பாக்கலையா?"

"இல்ல" என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"தந்தி வந்தப்ப நான் உள்ள இருந்தேன். மேல வந்துதான் தெரிஞ்சிது. பங்காரப்பேட்டையில மாற வேண்டிய ரயில வுட்டுட்டேன்." சற்று நேரம் தகரக் கூரையைப் பார்த்தார். "எங்கம்மா கோவக்காரங்க. யாராச்சும் தப்பு பண்ணா வுடவே மாட்டாங்க. ஒத்துக்கினா மட்டும், உக்கார வெச்சி சோறு போட்டுடுவாங்க. லூர்து உங்களக் கூட்டிக்கினு வரச்சொல்லிச்சி. கை கழுவிட்டு வாங்க."

மண்ணெண்ணெயில் கையைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். வாடை போகவில்லை. அந்தச் சந்தில், அந்த ஓட்டு வீட்டில், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. லூர்து மேரி எனக்கு இரண்டாம் தடவை குழம்பு ஊற்றும்போது, "அம்மா வெச்சா இன்னும் புளிப்பா இருக்கும்" என்றாள். "வாயில வெக்க முடியாது" என்றார் அந்தோணி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.